இடப்பக்கம் மினுங்கும் நிலையான வெளிச்சம்

எங்கள் மாமனார் வீட்டுக்கு மருமகன்மார் இரண்டு பேர். மூத்தவன் நான். இளையவன் என் சகலன் ஏரம்பமூர்த்தி. இந்த வரிசை கல்யாணங்கள் நடந்த ஒழுங்கில் தானாக அமைந்தது. அதை மாற்ற ஒரு மோட்டார்சைக்கிளின் சிக்னல் லைட்டால் முடியும் என்று அந்த வருடம் வரைக்கும் நான் அறிந்திருக்கவில்லை.

சமாதானம் இருக்கிறதா, முறிந்துவிட்டதா என்று வானொலிக்கே தெளிவில்லாத காலம் அது. என் மனைவி சிவலட்சுமியின் தம்பி குலசேகரம் தன் மகளுக்கு மன்னார்ப் பட்டினத்தில் கல்யாணம் ஒழுங்கு செய்திருந்தான். மாப்பிள்ளை எங்கள் பக்கம், முருங்கனுக்குக் கிட்ட. மாப்பிள்ளையின் காருக்கு முன்னால் போய், பாலம் தாண்டித் தீவிலுள்ள பெண் வீட்டு வாசல்வரை அழைத்துச் செல்கிறவர் அந்த வீட்டின் மூத்த மருமகன். போய்ச் சேர்ந்ததும் முதல் சந்தனமும் முதல் பன்னீரும் அவருக்குத்தான். ஷெல் விழுந்த நாட்களிலும் இந்த வழக்கம் தவறியதில்லை. பெற்றோல் இல்லாமல் காருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிய வருடத்தில் நான் மிதிவண்டியில் முன்னால் போனேன். புகைக்குள் இருமிக்கொண்டு போனாலும் முன்னால்தான் போனேன்.

ஏரம்பமூர்த்தியின் மகன் கட்டாரில் இருக்கிறான். அவன் தகப்பனுக்கு ஒரு சோடி எல்.ஈ.டி. சிக்னல் லைட் அனுப்பினான். மெல்லியது, நாகத்தின் நாக்குப் போல. கோயில் திருவிழாவுக்கு ஏரம்பமூர்த்தி அதைப் பூட்டிக்கொண்டு வந்தான். திரும்ப வேண்டிய இடம் ஒன்றுமே இல்லாத நேர்த்தெருவில் அதை மினுக்கிக்கொண்டு வந்தான். சாமியைத் தூக்கி நின்றவர்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை குலசேகரம் வீட்டுக்கு வந்தான். கதிரையின் நுனியில் இருந்தான்.

"அத்தான், குறை நினையாதேங்கோ. வீடியோக்காரன் சொல்லுறான், ஏரம்பு அத்தான்ர மோட்டார்சைக்கிள் முன்னால போனா படம் எடுப்பாயிருக்குமாம்."

"அப்ப நான்?"

"நீங்கள் காருக்குள்ள, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில வசதியா வாங்கோவன்."

"கலியாணம் பொம்பிளைக்கோ, பல்ப்புக்கோ?" என்று கேட்டேன். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனான்.

சிவலட்சுமி கோப்பையை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கோ? அந்தக் கட்டார் மினுக்கியைப் பாத்தோ?"

"அண்டைக்குக் கோயில்ல அதைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். சாமி தாண்டிப் போனதே உங்களுக்குத் தெரியேல்லை."

அன்றைக்குப் பின்னேரமே பட்டினத்துக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் கொன்ஸ்ரன்ரைன், வானொலி, தொலைக்காட்சி திருத்துகிறவன். சூட்டுக்கோலும் ஈயப் புகையுமாக இருந்தான்.

"தம்பி, எனக்கு எல்.ஈ.டி. சிக்னல் செய்து தரவேணும். கடையில விக்கிறது வேண்டாம். ஒருத்தரிட்டயும் இல்லாத மாதிரி."

"ஏரம்பு ஐயா பூட்டியிருக்கிற மாதிரியோ?"

"ஒருத்தரிட்டயும் இல்லாத மாதிரி எண்டனான்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பழைய சிக்னல் கூடுகளைக் கழற்றினான். "வடிவம் என்ன ஐயா? அம்புக்குறியோ?"

"குத்துவிளக்குச் சுடர். கலியாணத்துக்கு எல்லே."

"சுடர் எண்டாச் சரி. எங்கட வேதக்காரர் பக்கம் அதை மெழுகுதிரி எண்டு சொல்லிப்போட்டுப் போவம்."

கூட்டுக்குள் அடங்கும் அளவில் பலகை வெட்டி, சுடரின் உருவத்தில் துளைகள் போட்டு, மஞ்சள் எல்.ஈ.டி.களை ஒவ்வொன்றாக நட்டு ஈயம் வைத்தான். நாற்று நடுகிறவர்களை வாழ்நாள் முழுதும் பார்த்தவன் நான். இத்தனை நேராக ஒருவரும் நட்டதில்லை. எல்லாம் பூட்டிச் சுவிச்சைத் தட்டியபோது சுடர் எரிந்தது, ஆனால் மினுங்கவில்லை. அப்படியே எரிந்துகொண்டு நின்றது.

"பயப்பிடாதேங்கோ. பல்ப் எண்டது கரண்டைக் குடிக்கும் ஐயா. இது நக்கித்தான் பாக்கும். மினுக்கிற உங்கட பழைய பிளாஷருக்கு அது காணாது." அவன் பிளாஷரைக் கழற்றிப் போட்டுவிட்டு, தானே கட்டிய ஒரு சிறு சுற்றை வைத்தான். சுடர் கீழிருந்து மேலாக ஓடி எழுந்து, அணைந்து, மறுபடி எழுந்தது. ஏரம்பமூர்த்தியின் லைட் வெறுமனே விட்டு விட்டு எரியும். என்னுடையது ஓடும். அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

பாலத்தடிச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் போல இறங்கி மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது, சிப்பாய் சுடரைப் பார்த்து "லஸ்ஸனய்" என்றான். சிங்களத்தில் வடிவாயிருக்கு என்று அர்த்தம். எனக்குச் சந்தோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது பரமேஸ்வரி, என் மனைவியின் தங்கை, ஏரம்பமூர்த்தியின் பெண்சாதி, அங்கே இருந்தாள். சிப்பாய் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

"ஓம் அத்தான், எங்கட ஆளுக்கும் அவன் அப்பிடித்தான் சொன்னவன்" என்றாள்.

ஏரம்பமூர்த்தியிடம் இல்லாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. யோசித்ததில் அது என்ன என்று தெளிந்தது: அவனுடைய லைட்டுக்கு எழுத்தில் ஒரு அனுமதி இல்லை. எங்கள் பரம்பரையில் காணிக்கு உறுதி, மாட்டுக்குக் குறி, பெண்ணுக்குப் பதிவு. எழுத்தில்லாமல் ஒன்றும் வைத்திருந்ததில்லை. முத்திரை குத்திய கடிதத்தோடு முன்னால் போகிறவனை எந்த வீடியோக்காரன் பின்னால் தள்ளுவான்?

கரையோர வெளிச்ச ஒழுங்குக் கந்தோர் பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தது. எந்தப் படகு கடலில் எந்த விளக்கை ஏற்றலாம் என்று தீர்மானிப்பதற்காகத் தொடங்கிய அரசாங்க அலுவலகம் அது. பிறகு இரவில் கடலுக்குப் போவதே தடையாகிவிட்டது. கந்தோர் மட்டும் தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது அங்கிருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரோ பெரியவர் பின்னால் வருகிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

பணிப்பாளர் வலன்ரைன் என்னை நாற்காலியில் இருத்தித் தன் கையால் மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

"சிற்றம்பலம் ஐயா, இந்தக் கந்தோர் துவங்கின நாள்முதல் ஒரு பொதுமகன் தானா வந்து அனுமதி கேட்டது இதுதான் முதல். நாங்கள் மக்களுக்காகத்தான் இருக்கிறம். மக்கள் வராதது மக்களின்ர குறை. அதுக்காக நாங்கள் ஒருநாளும் கந்தோரைப் பூட்டினதில்லை."

"மோட்டார்சைக்கிள் லைட்டுக்குச் சட்டம் ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப அனுமதி தேவையில்லையோ?"

"நீங்கள் கேட்டிட்டியள் ஐயா. இனி இருக்கத்தான் வேணும்."

நான் எழும்பி வந்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் ஏரம்பமூர்த்தியின் லைட்டுக்கும் சட்டம் வரும் என்பது என் மனதில் ஓடியது. அது இனிப்பாக இருந்தது.

விசாரணைக்காக ஒரு குழு அமைத்தார்கள். பணிப்பாளர் தலைவர். கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடுகளை மேற்பார்வை செய்து ஓய்வுபெற்ற ஹுசைன் தொழில்நுட்ப ஆலோசகர். பொதுமக்கள் பிரதிநிதி ஒருவரும் வேண்டும் என்றார்கள். என் பெயரை நானே சொன்னேன்.

"விண்ணப்பகாரர் குழுவில இருக்கேலாது ஐயா. வெளிச்சத்தில அனுபவமுள்ள ஆளாப் பாத்துப் போட்டிட்டம். உங்கட ஊர்தான். ஏரம்பமூர்த்தி."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பரிசோதனை கந்தோர் முற்றத்தில் நடந்தது. நல்ல வெயில். மோட்டார்சைக்கிளை நடுவில் நிறுத்தி, குழுவினர் குடைகளின் கீழ் வரிசையாக இருந்து சுடர் ஓடுவதைப் பார்த்தார்கள். ஏரம்பமூர்த்தி வெள்ளைச் சேட்டுப் போட்டு, பையில் இரண்டு பேனை செருகி, என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். அந்த மரியாதையை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஹுசைன் நெடுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விட்டு விட்டு எரியுது. ஒழுங்கான இடைவெளி. இது வெளிச்சவீடு."

"இது மோட்டார்சைக்கிள்" என்றேன்.

"வாப்பா, நான் தலைமன்னாரில இருந்து எத்தினை வெளிச்சவீட்டைப் பாத்திட்டன். எனக்குச் சொல்லித் தாறியளோ?"

"இதுக்குச் சில்லு இருக்கு."

"அது இந்த வெளிச்சவீட்டின்ர குறைபாடு. எழுதிக்கொள்ளுங்கோ."

எழுதிக்கொண்டார்கள். பிறகு பணிப்பாளர் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார். "நகருகிற வெளிச்சவீடு கடலோடிகளுக்கு ஆபத்து. ஒரு வெளிச்சவீடு இண்டைக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம் நிண்டால் அரசாங்கத்தை ஆர் நம்புவினம்? ஆகவே இது நிலையான வெளிச்சமாகப் பதியப்படுது. இடம், விண்ணப்பகாரரின் வாசல். சிற்றம்பலம் ஐயா அதின்ர காப்பாளர். பின்னேரத்தில ஏத்தவேணும். எரியிற நேரம் பக்கத்தை விட்டுப் போகக்கூடாது. இடப்பக்கச் சுடருக்குத்தான் அனுமதி. வலப்பக்கம் நிலத்தை நோக்கினபடியால் அது எங்கட அதிகாரத்துக்கு வெளியில; அதுக்கு நீங்கள் வயல் காணி பாக்கிற கமநல சேவைக்குப் போகவேணும்."

"என்ர வாசலில நிண்டால் கடல் தெரியாது ஐயா. வயலும் குளக்கட்டும்தான்."

"இப்ப தெரியாது" என்றார் ஹுசைன். "கடல் கரையை அரிச்சு அரிச்சு வருகுது. வந்து சேரேக்க நாங்கள் ஆயத்தமா இருக்கவேணும்."

முத்திரை மட்டும் மிக வடிவாக இருந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினேன்.

அதன் பிறகு என் வாசலில் ஒவ்வொரு பின்னேரமும் வயல் வெளியை நோக்கி இடப்பக்கம் மினுங்கியது. வழியில் போகிற மாடுகள் தயங்கி நின்று, இடப்பக்கம் போயின. நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். சிவலட்சுமி சோற்றுக் கோப்பையை அங்கேயே கொண்டு வந்து தந்தாள்.

"கப்பல் ஏதும் வந்ததோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

என் விண்ணப்பத்தை முன்மாதிரியாக வைத்து அறிவித்தல் வந்தது: மினுங்கும் வெளிச்சம் பொருத்திய எந்த வாகனமும் மாவட்டத்தில் நகரக் கூடாது. சோதனைச்சாவடிக்கு ஒரு பிரதி போனது. முத்திரை இருந்தபடியால் அங்கே ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பஸ்களில் நடத்துநர்கள் இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு போனார்கள். பணிப்பாளரின் ஜீப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அது விளக்கைப் போடவேண்டியதில்லை, கையையும் காட்டவேண்டியதில்லை. பொறுப்புள்ள அதிகாரி எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை முன்கூட்டி அறிவிப்பது பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்று எழுதியிருந்தார்கள்.

கட்டார் லைட்டுக்கும் தடை வந்த அன்று நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தச் சோறு செமிக்கும் முன்னே ஏரம்பமூர்த்தி என் வாசலைக் கடந்து மோட்டார்சைக்கிளில் போனான். லைட் இருந்த இடத்தில் வெறும் இரண்டு ஓட்டைகள்.

"கழட்டிப்போட்டன் அண்ணை!" என்று சத்தம் போட்டான். "ஒரு ஸ்குரூதான். இப்ப மினுங்காது, ஓடலாம். உங்கடையையும் கழட்டித் தரட்டோ?"

"பதிஞ்ச வெளிச்சத்தைக் கழட்டேலாது எண்டு உங்கட குழுதானே எழுதினது."

"ஓம், மெய்தான். நான்தான் அந்த வசனத்தைச் சொன்னனான்" என்றான். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. கள்ளம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆக, கல்யாணத்துக்கு முன்னால் போகப்போகிறவன் மறுபடியும் அவன். என் மோட்டார்சைக்கிள் அசையாது. வேறொருவருடைய வாகனத்தை இரவல் வாங்கிப் போவதும் எங்கள் குடும்பத்துக்குச் சரிவராது. குலசேகரம் ஆள் அனுப்பிக் காருக்குள் எனக்கு ஒதுக்கிய இடத்தை நினைவூட்டினான். பின் சீட்டாம். நடுவிலாம்.

பணிப்பாளரிடம் போனேன். "ஐயா, என்ர வெளிச்சவீடு நகரக்கூடாது. சரி. அதை உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டியில ஏத்திக் கட்டினா, நகருகிறது எது?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஹுசைனை அழைத்தார். இருவரும் உள் அறையில் கதைத்தார்கள். வெளியே வந்தபோது பணிப்பாளரின் கண் கலங்கியிருந்தது.

"இந்த மாதிரிக் கேள்வியளுக்காகத்தான் ஐயா இந்தக் கந்தோர் இருக்குது. நகருகிறது உழவு இயந்திரம். வெளிச்சம் பெட்டியைப் பொறுத்தவரையில நிலையாத்தான் நிக்குது. அனுமதி தாறன். நிபந்தனை சின்னன்தான். புறப்படேக்க ஏத்தவேணும். திரும்ப உங்கட வாசலில வைக்கும்வரைக்கும் அணைக்கக்கூடாது. காப்பாளர் பக்கத்தை விட்டு இறங்கக்கூடாது. குழு அங்கத்தவர் ஒருவர் முன்னால இருந்து வழிகாட்டவேணும்."

"அங்கத்தவர் எண்டா..."

"நான் வருவன். ஆனா அண்டைக்கு எனக்கு ஜீப் திரும்பவேண்டிய இடங்கள் இருக்கு. ஹுசைன் காக்காவுக்கு முழங்கால் ஏலாது."

எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கல்யாணக் காலை. எங்கள் கமக்காரர் சங்கத்து உழவு இயந்திரத்தை மாரிமுத்து ஓட்டினான். பெட்டியின் நடுவில் என் மோட்டார்சைக்கிள், நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் மேல் பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகையோடு நான். இடப்பக்கம் சுடர் ஓடிக்கொண்டிருந்தது. மன்னார் வெயிலில் அது எரிகிறதா என்று கையால் மறைத்துப் பிடித்தால்தான் தெரியும். பின்னால் மாப்பிள்ளையின் கார், பல்ப் கழற்றியது. முன்னால், மாரிமுத்துவுக்குப் பக்கத்தில், சில்லின் மேல்தகட்டில் குடை பிடித்துக்கொண்டு குழு அங்கத்தவர் ஏரம்பமூர்த்தி.

"அண்ணை, குலுக்குதோ?" என்று அடிக்கடி திரும்பிக் கேட்டான்.

"ரோட்டைப் பார்."

பாலத்தடியில் சிப்பாய் மறித்தான். மோட்டார்சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி உருட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவன் பெட்டியைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தான்.

"இது போறதா, நிக்கிறதா?"

"நிக்கிறது" என்றேன்.

"ட்ரக்ரர்?"

"அது போறது."

"நீங்க?"

இதற்குக் கடிதத்தில் பதில் இருக்கவில்லை. முத்திரையைக் காட்டினேன். அவன் தொப்பிக்குள் விரலை விட்டுச் சொறிந்து, முத்திரையைப் பார்த்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்து விட்டான். எனக்குத்தான் அடித்தான். ஏரம்பமூர்த்தி குடையைத் தாழ்த்திப் பதில் வணக்கம் செய்தான்.

பெண் வீட்டுத் தெருவில் மேளம் கேட்டது. வாழை கட்டிய வாசலில் குலசேகரமும் பெண்களும் சந்தனக் கும்பாவோடு நின்றார்கள். வீடியோக்காரன் எங்களை நோக்கி ஓடி வந்தான். உழவு இயந்திரம் நின்றது. நான் சால்வையைச் சரிசெய்து முதுகை நிமிர்த்தினேன். யுத்தமும் கட்டாரும் கந்தோரும் சேர்ந்தும் இந்தக் குடும்பத்தின் வரிசையைக் குழப்ப முடியவில்லை.

ஏரம்பமூர்த்தி மேல்தகட்டிலிருந்து குதித்தான்.

"அத்தான், இறங்குங்கோ!" குலசேகரம் என்னைப் பார்த்துக் கூப்பிட்டான். கும்பாவை ஏந்தியபடி பெட்டிக்குக் கிட்ட வந்தான். அதற்கும் என் கைக்கும் இடையில் ஒரு ஆள் உயரம் இருந்தது.

என் ஒரு கால் பெட்டியின் விளிம்பு வரைக்கும் போனது.

"அண்ணை, எரியுது" என்றான் ஏரம்பமூர்த்தி மெதுவாக. "பக்கத்தை விட்டு இறங்கக்கூடாதெண்டு எழுத்தில இருக்கு. பரவாயில்லை, நான் காணேல்லை எண்டு மற்றப் பக்கம் பாக்கிறன். இறங்குங்கோ."

அவன் உண்மையாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏரம்பமூர்த்தி பார்க்காமல் விட்டபடியால் இறங்கியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். காலைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

"நேரம் போகுது, ஐயர் கத்துறார்" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள். குலசேகரம் என்னையும் பார்த்தான், ஏரம்பமூர்த்தியையும் பார்த்தான். பிறகு கீழே நிற்கிறவனுக்குச் சந்தனத்தைப் பூசினான். பன்னீர் தெளித்தார்கள். அதில் இரண்டு துளி பெட்டியின் பலகையில் விழுந்தது. வீடியோக்காரன் அதை எடுத்தானோ தெரியாது.

மாப்பிள்ளையும் பெண்டுகளும் மேளமும் உள்ளே போனார்கள். மதிலுக்கு மேலால் பந்தலின் கூரையும் அதில் கட்டிய மாவிலையும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. திறந்திருந்த வாசலால் பார்த்தபோது, மூத்த மருமகன் இருக்கவேண்டிய பாயில் யாரோ வெள்ளைச் சேட்டுக்காரன் சம்மணம் கட்டி இருந்தான். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதையை நான் இருந்த இடத்திலிருந்தே எறிந்தேன். அது மாரிமுத்துவின் தலையில் விழுந்தது.

சிறிது நேரத்தில் சிவலட்சுமி வாழையிலையில் சோறு கொண்டு வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இறங்கேல்லையோ?"

"எரியுது" என்றேன்.

அவள் இலையை நீட்டினாள். நான் குனிந்து வாங்கிப் பெற்றோல் தாங்கியின் மேல் விரித்தேன்.